அந்த அம்மாவை நம் சங்கம் ஏன் ஆதரிக்கிறது?

(ஊராட்சித் தேர்தல் விளக்கக் கூட்டத்தில் விவசாயிகள் சங்கத்தின் ஒன்றியச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கம் கூட்டம் போட்டால் தண்ணீர், கொள்முதல், பயிர்க் காப்பீடு இதைத்தான் பேசுவோம். இன்றைக்கு வரப்போகிற ஊராட்சித் தலைவர் தேர்தலைப் பேச வந்திருக்கிறோம். "சங்கத்துக்கு எதுக்கு இந்த வேலை?" என்று டீக்கடையில் ஒரு பேச்சு. "அதுவும் காலனித் தெரு ஆளுக்கா?" என்று இன்னொரு பேச்சு. முதல் பேச்சைச் சத்தமாகப் பேசுகிறார்கள், இரண்டாவதை மெதுவாகப் பேசுகிறார்கள். இரண்டுக்கும் மைக்கிலேயே பதில் சொல்லிவிடுவோம்.

அந்த அம்மாவின் பெயரை இந்தப் பிரசுரத்தில் போடவில்லை. வேட்புமனு ஏற்றுச் சின்னம் ஒதுக்கிய பிறகு பெயரும் சின்னமும் தனி நோட்டீசாக வரும். அது நிர்வாகக் குழுவின் முடிவு. நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை.

முதலில் தலைவர் பதவி என்றால் என்ன என்று பார்ப்போம். 1994 ஊராட்சிச் சட்டப்படி 1996-ல் முதல் தேர்தல் நடந்தது. பிறகு 2001, 2006, 2011. அந்தப் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் எப்போது நடந்தது? 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில். மூன்று வருஷத்துக்கு மேல் ஊராட்சிக்குத் தலைவர் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. தனி அலுவலர் ஆட்சி. ஒன்றியத்தில் இருக்கிற ஊராட்சிகளை எல்லாம் ஓர் அதிகாரி பார்த்தார். அவரைக் குறை சொல்லவில்லை. ஒரு மனுஷன் எத்தனை ஊர்த் தெருவிளக்கைப் பார்ப்பார்? அப்படி ஜெயித்து வந்தவர்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நம் திருவாரூர் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் முடிந்தது. அப்போதும் தேர்தல் வைக்காமல் தனி அலுவலரைத்தான் போட்டார்கள். 2021 முதல் 2026 வரைக்கான 15-ஆவது நிதிக்குழு மானியம் வேண்டுமென்றால் தேர்ந்தெடுத்த ஊராட்சி இருக்க வேண்டும் என்று நிபந்தனையே இருந்தது. தேர்தல் தள்ளிப்போனால் ஊருக்கு வர வேண்டிய காசும் தள்ளிப்போகும். அதனால்தான் உள்ளாட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்து என்பதும் சங்கத்தின் போராட்டக் கோரிக்கைகளில் ஒன்றாக இருக்கிறது.

தலைவர் இல்லாத அந்த மூன்று வருஷத்தின் நடுவில்தான் கஜா புயல் வந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை. வேதாரண்யம் பக்கம் கரை ஏறி நம் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தையும் புரட்டிப் போட்டது. தென்னையெல்லாம் சாய்ந்தது, கூரையெல்லாம் பறந்தது. அன்றைக்குத் தமிழ்நாட்டில் ஒரு கிராம ஊராட்சிக்குக்கூடத் தேர்ந்தெடுத்த தலைவர் கிடையாது. யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் நின்றோம்.

அப்போது அந்த அம்மா எந்தப் பதவியிலும் இல்லை. நடவுக்கு வருகிற ஆள், மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர், எட்டாவது வரை படிப்பு. அவ்வளவுதான். புயலுக்கு மூன்றாம் நாள் ஒரு நாற்பது பக்க நோட்டோடு தெருத் தெருவாக வந்தார். வீட்டுக்காரர் பெயர், ரேஷன் கார்டு நம்பர், கூரையா ஓடா, என்ன விழுந்தது, எத்தனை தென்னை, எத்தனை ஆடு, எல்லாம் எழுதினார். காலனித் தெருவோடு நிற்கவில்லை. நம் தெருவுக்கும் வந்தார். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொன்னோம், "நின்னுக்கிட்டே எழுதிக்கிறேங்க, இன்னும் ரெண்டு தெரு இருக்கு" என்றார். பிறகு அதிகாரிகள் போட்ட பட்டியல் வந்தது. விடுபட்டவர்கள் நிறையப் பேர். நாங்கள் அந்த நோட்டைத்தான் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். சங்க லெட்டர்பேடில் நாங்கள் எழுதிய மனுவைவிட அந்த நோட்டுக்குத்தான் மரியாதை இருந்தது. விடுபட்டதில் பெரும்பாலான பெயர்கள் சேர்ந்தன.

அந்த நோட்டில் நாங்கள் கவனித்த ஒன்று. அவர் வீட்டுக் கூரையும் போய்விட்டது, தார்ப்பாய் கட்டித்தான் இருந்தார். அவர் பெயர் பட்டியலில் முதலில் இல்லை, கடைசியிலும் இல்லை. வீட்டு வரிசையில் எங்கே வந்ததோ அங்கே இருந்தது. பட்டியல் எழுதுகிற இடத்தில் எத்தனை பேரை இதுவரை பார்த்திருக்கிறோம், யோசித்துப் பாருங்கள்.

பிறகு 2019 தேர்தலில் வார்டு உறுப்பினராக வந்தார். ஊராட்சியில் வார்டு உறுப்பினர் என்றால் கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வருவது என்று நாமே பழகி வைத்திருக்கிறோம். இவர் தீர்மானப் புத்தகத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். கூட்டம் அரை மணி நேரம் கூடுதலாக ஓடுகிறது என்று மற்ற உறுப்பினர்களுக்கு அதில் ஒரே எரிச்சல்.

இப்போது வாய்க்கால் விஷயத்துக்கு வருவோம். சிறு விவசாயிக்கு மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

2022-ஆம் வருஷம் ஞாபகம் இருக்கும். வழக்கமான ஜூன் 12-க்கு முன்னாலேயே, மே 24-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். நல்ல செய்திதான், ஆனால் தூர்வார நாள் பற்றவில்லை. நம் வாய்க்காலில் பொக்லைன் இறங்கியது. போர்டும் வைத்தார்கள், இத்தனை மீட்டர் நீளம், இத்தனை ரூபாய் என்று. தலைப்பிலிருந்து ரோட்டுப் பாலம் வரைக்கும் ஜோராக வாரினார்கள். ரோட்டில் போகிற அதிகாரி கண்ணுக்கு அதுவரைதான் தெரியும். பாலத்துக்குக் கிழக்கே வெங்காயத் தாமரையும் கோரையும் அப்படியே கிடந்தது. வண்டி ஏறிப் போயேவிட்டது. கேட்டதற்கு வேலை முடிந்தது என்று பதில்.

பாலத்துக்குக் கிழக்கே யாருடைய நிலம்? ஒரு மா, இரண்டு மா, ஆறு மாக்காரர்கள். எங்கள் ஆறு மாவும் அங்கேதான் இருக்கிறது. வேலிக் கணக்கில் வைத்திருக்கிறவர்களின் நிலம் பாலத்துக்கு மேற்கே. அவர்களுக்குப் போர்செட்டும் இருக்கிறது.

நாங்கள் என்ன செய்வோம்? வழக்கம்போல் மனு எழுதினோம், மறியலுக்குத் தேதி பேசினோம். அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? நடவுக்குப் பிடிக்கிற கயிற்றை எடுத்தார். அதில் பத்து மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டார். கூட நான்கு பெண்கள். தலைப்பிலிருந்து பாலம் வரை கயிற்றைப் போட்டு அளந்தார்கள். அளந்த கணக்கு போர்டில் இருந்த நீளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது. அதை நோட்டில் எழுதி, சாட்சியாகக் கரைக்காரர்கள் ஒன்பது பேரிடம் கையெழுத்து வாங்கினார். அதில் பாலத்துக்கு மேற்கே உள்ளவர்கள் இரண்டு பேர். அவர்களிடம் எப்படிக் கையெழுத்து வாங்கினார் என்பது இன்றைக்கும் எங்களுக்குப் புரியாத ரகசியம்.

அந்தக் காகிதத்தோடு ஊராட்சிக் கூட்டத்தில் கேட்டார், மேலே இருக்கிற அலுவலகத்திலும் போய்க் கேட்டார். சங்கம் பின்னாலேயே நின்றது. "கத்திப் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லிவிடலாம், கயிற்றைக் கொண்டுவந்து காட்டுகிறவர்களுக்கு என்ன சொல்வது" என்று அங்கே ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கல்லணை திறந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வண்டி திரும்ப வந்தது. மிச்சத்தை வாரினார்கள். அந்தக் குறுவைக்கு நம் கிழக்கு வயல்களில் மடை திறந்து தண்ணீர் பாய்ந்தது. அடுத்த கிராமசபையில் வேலையின் செலவுக் கணக்கை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார், படித்தார்கள்.

தோழர்களே, மேட்டூரைத் திறக்க ஊராட்சித் தலைவரால் முடியாது. நெல்லுக்கு விலை வைக்க முடியாது. 17 சதவீத ஈரப்பதத்தை 22 ஆக்க அவரால் முடியாது. 2025 அக்டோபர் மழையில் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் முளைத்துக் கிடந்தபோது, தலைவர் இருந்திருந்தாலும் மழையை நிறுத்தியிருக்க முடியாது. அதற்கெல்லாம் சங்கம்தான் ரோட்டுக்கு வர வேண்டும், வருவோம். ஆனால் சி, டி வாய்க்கால் எதுவரை வாரினார்கள், குளத்து வண்டல் யார் வயலுக்குப் போகிறது, மீன் குத்தகை எவ்வளவு, வடிகாலை யார் அடைத்து வீடு கட்டினார்கள், களம் யார் கையில் இருக்கிறது, இதெல்லாம் ஊர் விஷயம். ஊரில் ஒருவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் நடக்கும்.

அடுத்து, அந்த அம்மா நம்மோடு சண்டை போட்ட கதையையும் சொல்ல வேண்டும். எதிர்த் தரப்பார் அதைத்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்கிறார்கள், "உங்க சங்கத்தையே எதிர்த்துப் பேசுனவதானே அவ" என்று. உண்மைதான், எதிர்த்துப் பேசினார். நடவு நேரத்தில் நூறு நாள் வேலையை நிறுத்தி வைக்க வேண்டும் என்று சங்கம் கிராமசபையில் தீர்மானம் கொண்டு போனோம். ஆள் கிடைக்காமல் நாற்று முற்றிப்போகிற வயிற்றெரிச்சல் நமக்குத்தான் தெரியும். அவர் எழுந்தார். "நடவு ஒங்களுக்கு இருபது நாள்ங்க. எங்க வீட்டு அடுப்பு முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் எரியணும்" என்றார். கூட்டம் பெரிய வாக்குவாதமாகப் போனது. நாற்காலி எல்லாம் நகர்ந்தது.

அந்த விஷயத்தில் எங்கள் கருத்து இன்றைக்கும் வேறுதான். ஆனால் அன்றைக்கு ராத்திரியே அவர் வந்து உட்கார்ந்து பேசினார். சித்திரை, வைகாசியிலும் சம்பா அறுப்புக்குப் பிறகும் நூறு நாள் வேலையைக் கூடுதலாகக் கேட்டு வாங்குவது, நடவுக்கு ஊர் முழுக்க ஒரே கூலி பேசுவது, பேசிய கூலிக்குக் குறைத்து யாரும் கொடுக்கக் கூடாது, கூட்டிக் கொடுத்து ஆளை இழுக்கவும் கூடாது என்று முடிவானது. இன்னொன்றும் அவரே சொன்னார்: நடவு ஆட்கள் முதலில் கிழக்கு வயலில் இறங்குவார்கள், மேற்கே போர்செட் இருக்கிறவர்கள் நான்கு நாள் பொறுக்கட்டும் என்று. அந்த வருஷம் ஒரு மா, இரண்டு மாக்காரர்களின் நடவு முதல்முறையாகப் பிந்தாமல் நடந்தது. சண்டை போட்டவர் செய்த ஏற்பாடு அது.

2025 டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் விதைப்பு, அறுவடை நேரத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்று இருக்கிறது. நம்மில் சிலர் சந்தோஷப்பட்டார்கள். எந்த 60 நாள் என்று யார் முடிவு செய்வது? தலைமடையில் தண்ணீர் வருகிற தேதி வேறு, நமக்கு வருகிற தேதி வேறு. அவர்கள் நாற்றுப் பறிக்கும்போது நாம் இன்னும் மடையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். மேலே உட்கார்ந்து தேதி போட்டால் நிறுத்தின நாளில் நமக்கு நடவே இருக்காது, நடவு நாளில் ஆள் இருக்காது. கூலிக்காரருக்கும் நஷ்டம், நமக்கும் நஷ்டம். நம் ஊருக்கு எது நடவு நாள் என்று இரண்டு பக்கமும் தெரிந்து சொல்கிற ஆள் தலைவர் நாற்காலியில் இருக்க வேண்டும். சேற்றில் இறங்கி நடுகிறவரைவிட அது யாருக்குத் தெரியும்?

இனி ஏல விஷயம். கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பெரிய தொகை தருகிறேன், எதிர்த்து யாரும் நிற்க வேண்டாம், ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிடுங்கள் என்று ஒரு தரப்பு பேசி வருவது உங்களுக்கே தெரியும். கோயில் நம் எல்லோருக்கும் வேண்டும். எங்கள் வீட்டிலும் தலைக்கட்டு வரி தவறாமல் கொடுக்கிறோம். ஆனால் 2019-லேயே சில ஊர்களில் தலைவர் பதவியை ஏலம் விட்டதாகச் செய்தி வந்தது. ஏலம் விடுவது குற்றம், நடவடிக்கை எடுப்போம் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரித்தது. சட்டம் கிடக்கட்டும், கணக்கைப் பாருங்கள். தலைவருக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியத்தை 2022-ல் 2,000 ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் ஐந்து வருஷத்துக்கு 1,20,000 ரூபாய். லட்சக்கணக்கில் முன்பணம் போடுகிறவர் மிச்சத்தை எங்கே எடுப்பார்? வீடு கட்டும் திட்டத்தில் எடுப்பார். குடிநீர் இணைப்பில் எடுப்பார். குளத்து வண்டலில், மீன் குத்தகையில் எடுப்பார். பாலத்தோடு நின்றுபோகிற வாய்க்காலில் எடுப்பார். கோயிலுக்குக் கொடுத்த காசை நம் வயலிலிருந்து வசூல் பண்ணுவார்.

கடைசியாக, மெதுவாகப் பேசுகிற பேச்சு. "நம்ம தெருவுல ஆளே இல்லையா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் நம் சங்கத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள், அதனால் உரிமையோடு பேசுகிறோம்.

1997-ல் மேலவளவில் ஊராட்சித் தலைவராக ஜெயித்த முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996-லிருந்து 2006 வரை தேர்தலையே முறையாக நடக்கவிடவில்லை. 2020-ல் கடலூர் மாவட்டத்தில் ஒரு தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படம் நாடு முழுக்க வந்தது. அதெல்லாம் வேறு ஊர் என்று சொல்ல முடியாது. 1968 வெண்மணி நமக்குப் பக்கத்து மண், 44 பேர்.

அதே மண்ணில்தான் பி.எஸ்.ஆர். என்கிற பி. சீனிவாசராவ் வந்து பண்ணையாளையும் குத்தகைக்காரரையும் ஒரே கொடியின் கீழ் நிறுத்தினார். சாணிப்பாலும் சவுக்கடியும் போனது அப்படித்தான். 1952 பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அந்தப் போராட்டத்தால்தான். அதே சட்டம் குத்தகைக்காரருக்கும் பாதுகாப்புக் கொடுத்தது. இன்றைக்கு ஆறு மா, மூன்று மா என்று பட்டா வைத்திருக்கிற நம் வீடுகளில் பாதி வீட்டில் தாத்தா காலத்தில் குத்தகைச் சாகுபடிதான். காலனித் தெரு இல்லாமல் நம் சங்கமும் இல்லை, நம் பட்டாவும் இல்லை. திருத்துறைப்பூண்டிக்குப் போகும்போது பி.எஸ்.ஆர். நினைவிடத்தைத் தாண்டித்தானே போகிறோம்.

"தனி வார்டில் ஜெயித்தவர்தானே" என்றும் ஒரு குத்தல். தலைவர் பதவி பொது என்று வந்தாலும், பெண்கள் என்று வந்தாலும், ஆதிதிராவிடர் என்று வந்தாலும் அவர் நிற்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒதுக்கீடு எப்படி வந்தாலும் சங்கத்தின் ஆதரவு அவருக்குத்தான். ஒதுக்கீடு வந்ததால் வேறு வழியில்லாமல் ஆதரித்தார்கள் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது என்பதால் இப்போதே சொல்கிறோம்.

ஜெயித்த பிறகு "வா, போ" என்று கூப்பிடுவதையும் விட வேண்டும். எங்கள் வீட்டில் பெரியவர்களிடம் இதைச் சொல்லி வருகிறோம், பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறும். பேரப் பிள்ளைகள் முந்திவிட்டார்கள், அவர்கள் "ஆத்தா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தலைவர் மட்டும் ஜெயித்தால் போதாது. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். அந்த அம்மாவைத் தலைவராக உட்கார வைத்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கிற ஒருவரைத் துணைத் தலைவராகக் கொண்டுவர இப்போதே ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். பல ஊர்களில் தாழ்த்தப்பட்ட தலைவர்களைக் கை கட்டிப் போட்டது இந்த வித்தையால்தான். அதனால் நம் வார்டுகளுக்கும் சரியான ஆட்களை நிறுத்த வேண்டும். கிழக்குத் தெருவில் இரண்டு பேரிடம் பேசியிருக்கிறோம், ஒருவர் சரி என்றிருக்கிறார். இன்னொருவர் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார், அவருடைய வீட்டு அம்மாவும் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த அம்மாவிடம் சங்கம் நிபந்தனை எதுவும் போடவில்லை. அவர்தான் நமக்குப் போட்டிருக்கிறார். "ஓட்டுக்குக் காசு கொடுக்கமாட்டேன், சங்கமும் என் பேரால யார்கிட்டயும் காசு வாங்கக் கூடாது. ஜெயிச்சா கிராமசபைக்கு நீங்க முழுசா வரணும். சும்மா பத்துப் பேர் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனா நான் யாரை நம்பிக் கேள்வி கேக்குறது?" என்றார். நாங்கள் ஒத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

ஓட்டுப் போடும்போது ஒரு கவனம். நமக்கு நான்கு சீட்டு தருவார்கள். 2019-ல் தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். தலைவர் சீட்டிலும் வார்டு சீட்டிலும் கட்சிச் சின்னம் இருக்காது. போன தடவை அதில் கட்சிச் சின்னத்தைத் தேடிக் குழம்பியவர்கள் உண்டு, இரண்டு சின்னத்தில் முத்திரை குத்திச் செல்லாமல் போன சீட்டும் உண்டு. மாதிரிச் சீட்டு அடித்து வீடு வீடாகக் காட்டுவோம்.

அடுத்த கிராமசபைக்கு முன்னால் வாய்க்காலைத் தலைப்பிலிருந்து கடைசி மடை வரை நாமே ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். கயிறு அந்த அம்மா வீட்டில் இருக்கிறது. வருகிறவர்கள் காலை ஆறு மணிக்கெல்லாம் ரோட்டுப் பாலத்துக்கு வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் கரையில் நடக்க முடியாது. தேதியைத் தண்டோரா போட்டுச் சொல்வோம்.